மேலே போற ரயிலும் கீழே போற நாமும்

சம்பா அறுப்பு முடிஞ்சுது. வயல்ல உளுந்து முளைச்சு நிக்குது. இப்பத்தான் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சிருக்கு. வழக்கமா நெல்லு, மாடு, வாய்க்கால் தகராறுன்னு எழுதுற நான் இந்தத் தடவை ரயில் பாலத்தைப் பத்தி எழுதப் போறேன். எனக்குச் சின்ன வயசுலேருந்தே ரயில் கிறுக்கு உண்டுன்னு தொடர்ந்து படிக்கிறவங்களுக்குத் தெரியும். ஆனா இந்தக் கட்டுரை கிறுக்குக்காக எழுதுறது இல்ல. விளைஞ்ச நெல்லைக் களத்துக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் கொண்டு போற பாதையைப் பத்தினது.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். ஒரு ரயில் பாலம் நல்ல பாலமா இல்லையான்னு மேலே போற ரயிலை மட்டும் பார்த்து முடிவு பண்ணக் கூடாது. அதுக்குக் கீழே என்னென்ன போகணுமோ, அதெல்லாம் போகுதான்னும் பார்க்கணும். தண்ணி போகணும், படகு போகணும், மாடு போகணும், டிராக்டர் போகணும், அறுப்பு மெஷின் போகணும், பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க போகணும். பெரிய பாலங்கள்ல நம்ம இன்ஜினியருங்க இதை அருமையா செஞ்சு காட்டியிருக்காங்க. கிராமத்துச் சின்னப் பாலம்னு வரும்போதுதான் கீழே போறவனை மறந்துடுறாங்க.

2025ஆம் வருஷம் ரயில் பிரியர்களுக்குத் தீபாவளி மாதிரி இருந்துச்சு. ஏப்ரல் 6ஆம் தேதி புதுப் பாம்பன் பாலம் திறந்தாங்க. ஜூன் 6ஆம் தேதி காஷ்மீர்ல செனாப் பாலம் திறந்தாங்க. ஆத்துப் படுகையிலேருந்து 359 மீட்டர் உயரத்துல ரயில் போகுது. எங்க ஊர் வாட்ஸ்அப் குரூப்புல ஒரு மாசம் அந்தப் படம்தான் ஓடுச்சு. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், சந்தேகமே இல்ல. நானும் பத்து பேருக்கு அனுப்பினேன்.

ஆனா பாம்பன் பாலத்தோட அழகு எங்க இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. ரெண்டு கிலோமீட்டருக்கு மேல கடல்ல நிக்குதே, அதுவா? அது பாதிதான். மீதிப் பாதி, கப்பல் வந்தா பாலம் வழி விடுதே, அதுல இருக்கு.

பழைய பாலம் 1914 பிப்ரவரியில திறந்தது. நடுவுல இருந்த தூக்குப் பாலத்துக்கு ஷெர்சர் பாலம்னு பேரு. வடிவமைச்ச அமெரிக்கக்காரரோட பேரு அது. ரெண்டு கதவு மாதிரி நடுவுல பிரிஞ்சு, ஒவ்வொரு கதவும் பின்பக்கமா உருண்டுகிட்டே மேலே எழும்பும். மோட்டார் கிடையாது. ரெண்டு பக்கமும் ஆளுங்க நின்னு பல்சக்கரத்தைக் கையால சுத்தித் திறப்பாங்க. அவ்வளவு கனமான இரும்பை மனுஷன் கையால எப்படித் தூக்க முடியும்? எதிர்ப்பாரம்தான் காரணம். நம்ம பக்கம் ஏத்தம் இறைச்ச காலத்துல, ஏத்த மரத்தோட பின்பக்கம் கல்லைக் கட்டி வெப்பாங்களே, அதே சூட்சுமம். கல்லு தூக்குற பாதி, மனுஷன் தூக்குற பாதி. புதுப் பாலத்துல 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி நேரா 17 மீட்டர் மேலே போகுது. இதுக்கு மோட்டார் இருக்கு, ஆனா இதுலயும் எதிர்ப்பாரம் உண்டு. நூறு வருஷம் கழிச்சும் அந்தச் சூட்சுமம் மாறல.

இதுல நான் பார்க்கிறது ஒண்ணுதான். 1914லயும் சரி, 2025லயும் சரி, பாலத்தை வரைஞ்சவங்க முதல் கேள்வியா ‘கீழே கப்பல் போகணுமே, என்ன செய்யலாம்’னு கேட்டிருக்காங்க. எப்பவோ வர்ற கப்பலுக்காகக் கோடிக்கணக்குல செலவு பண்ணி ஒரு தூக்குப் பாலம் வெச்சிருக்காங்க. இன்னிக்குக் கப்பல் வரல, அதனால வழி தேவையில்லன்னு யாரும் சொல்லல. இந்த வார்த்தையை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

கீழே போறதை மதிக்கலன்னா என்ன ஆகும்னு நம்ம மாநிலத்துலயே பாடம் இருக்கு. 1956 நவம்பர் 23ஆம் தேதி விடியக்காலை. சென்னையிலேருந்து தூத்துக்குடி போன எக்ஸ்பிரஸ் அரியலூர் பக்கத்துல மருதையாத்துப் பாலத்துல விழுந்துச்சு. பெருமழையில ஆத்துல வந்த வெள்ளம் கரையை அரிச்சுட்டுது. நூத்துக்கும் மேல ஜனங்க செத்துப் போனாங்க. அப்ப ரயில்வே மந்திரியா இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவியை ராஜினாமா பண்ணினார். அவர் ராஜினாமாவை எல்லாரும் பேசுறோம், பேச வேண்டியதுதான். ஆனா அந்த விபத்தோட அடிப்படை, தண்ணி கேட்ட வழியும் நாம விட்ட வழியும் ஒண்ணா இல்லைங்கிறதுதான். தண்ணிக்கு நாம வழி விடலன்னா அது தானா வழி எடுத்துக்கும். வரப்பு உடைஞ்சு பார்த்த ஒவ்வொரு விவசாயிக்கும் இது தெரியும்.

1964 டிசம்பர்ல புயல் அடிச்சப்ப பாம்பன் பாலத்தோட கர்டர்களைக் கடல் வாரிட்டுப் போச்சு. தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலே போயிடுச்சு. ஆனா தூக்குப் பாலம் தப்பிச்சு நின்னுச்சு. ஆறு மாசத்துல சரி பண்ணச் சொன்ன வேலையை ஸ்ரீதரன்ங்கிற இளம் இன்ஜினியர் 46 நாள்ல முடிச்சார். கடல்ல கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்துத் திரும்பப் பயன்படுத்தினாங்க. பின்னாடி கொங்கன் ரயில், டெல்லி மெட்ரோன்னு பேர் வாங்கினவர் இவர்தான். அதனால, நம்மகிட்ட திறமை இல்லன்னு யாரும் சொல்ல முடியாது. மனசு வெச்சா 46 நாள்ல கடலையே ஜெயிக்கிற ஆளுங்க இருக்கிற துறை அது.

இப்ப நம்ம டெல்டாவுக்கு வருவோம்.

டெல்டாவுல தண்ணி மேற்கேயிருந்து கிழக்கே போகும். காவிரியோட கிளை ஆறுகள், வாய்க்கால், வடிகால் எல்லாம் கடலைப் பார்த்துக் கிழக்கு முகமாத்தான் ஓடும். நம்ம ரயில் லைன்கள்ல முக்கியமானது சிலது வடக்கு தெற்கா ஓடுது. மாயவரத்துலேருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியா முத்துப்பேட்டைக்குப் போற லைனை எடுத்துக்குங்க. 1894ல தஞ்சாவூர் ஜில்லா போர்டு போட்ட லைன் அது. போர்டுக்குப் பணம் எங்கேயிருந்து வந்துச்சு? நிலவரி கட்டினவங்ககிட்ட அதோட சேர்த்துக் கூடுதலா வசூல் பண்ணின வரி. அதாவது நம்ம தாத்தாவுக்குத் தாத்தா, நெல்லு வித்த காசுல போட்ட தண்டவாளம். எந்த உரிமையில விவசாயி ரயிலைப் பத்திப் பேசுறான்னு யாராவது கேட்டா இதைச் சொல்லுங்க.

அப்படி வடக்கு தெற்கா போற ஒரு லைன், கிழக்கே போற ஒவ்வொரு வாய்க்காலையும் வடிகாலையும் தாண்டியாகணும். அதனாலதான் அந்தக் காலத்துலயே ரெண்டு எட்டு வெச்சா ஒரு மதகு, நாலு எட்டு வெச்சா ஒரு சின்னப் பாலம்னு கட்டி வெச்சாங்க. வெள்ளைக்காரனுக்கு நம்ம மேல பாசம்னு இல்ல. தண்ணி தேங்கினா மண்கரை கரைஞ்சு தண்டவாளம் தொங்கும்னு அவனுக்குப் பயம். அந்தப் பயம் நமக்கு உதவி பண்ணுச்சு.

மனுஷனும் வண்டியும் தாண்டுறதுக்கு அப்பல்லாம் கேட்டுதான். சில இடத்துல கேட் கீப்பர் இருப்பார், பல இடத்துல ஆளே இருக்காது. மீட்டர் கேஜ் காலத்துல ரயில் நிதானமாப் போகும், ஒரு நாளைக்கு நாலஞ்சு வண்டிதான். கூக்குரல் கேட்டு மாட்டைப் பிடிச்சு நிறுத்திக்குவோம். அப்புறம் அகலப்பாதை வந்துச்சு. 1000 மில்லிமீட்டர் அகலம் இருந்த தண்டவாளம் 1676 மில்லிமீட்டர் ஆச்சு. வேகம் கூடுச்சு. ஆளில்லா கேட்டுல டிராக்டரும் வேனும் அடிபட்டுச்சு. நாடு முழுக்க அகலப்பாதையில இருந்த ஆளில்லா கேட்டுங்களை எல்லாம் 2019 ஜனவரிக்குள்ள எடுத்துட்டாங்க. ஒண்ணு மூடினாங்க, இல்ல ஆள் போட்டாங்க, இல்ல தண்டவாளத்துக்குக் கீழே சுரங்கப்பாதை கட்டினாங்க.

இது தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன். ஆள் இருக்கிற கேட்டுலயே 2025 ஜூலையில கடலூர் பக்கம் செம்மங்குப்பத்துல பள்ளி வேன் மேல ரயில் மோதி மூணு புள்ளைங்க போனதை எந்த மனுஷன் மறக்க முடியும்? கேட்டே இல்லாம இருந்தா நல்லதுதான். திருவாரூர் - காரைக்குடி லைன் 2019ல அகலப்பாதையா திறந்தப்ப, கேட்டுக்கு ஆள் பத்தாம ரயில்லயே கேட் கீப்பரை ஏத்திக்கிட்டுப் போனாங்க. ஒவ்வொரு கேட்டுலயும் ரயில் நிக்கும். ஆள் இறங்கிப் போய் கேட்டை மூடுவார். ரயில் தாண்டி நிக்கும். திரும்பக் கேட்டைத் திறந்துட்டு வந்து ஏறிக்குவார். 149 கிலோமீட்டர் போக ஆறு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. இப்படி ரயில் ஓட்ட முடியாதுங்கிறதும் நியாயம்தான்.

ஆக, சுரங்கப்பாதை வேணும். என் சண்டை அதைக் கட்டுற விதத்தைப் பத்தினது.

அது எப்படிக் கட்டுறாங்கன்னு சொல்றேன். பெட்டி மாதிரி கான்கிரீட் சட்டங்களைத் தனியா வார்த்து வெச்சுக்குவாங்க. ஒரு நாள் சில மணி நேரம் ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தை எடுத்துட்டு, மண்ணைத் தோண்டி, கிரேன் வெச்சுப் பெட்டிகளை வரிசையா இறக்கி, மேலே மண்ணும் ஜல்லியும் போட்டு, திரும்பத் தண்டவாளத்தை வெச்சு ரயிலை விட்டுடுவாங்க. இல்லன்னா ரயில் மெதுவா ஓடிக்கிட்டு இருக்கும்போதே பக்கத்துலேருந்து ஜாக்கி வெச்சுப் பெட்டியைக் கரைக்குள்ள தள்ளுவாங்க. ரயில் பிரியனா எனக்கு அந்த வேலையைப் பார்க்க ரொம்பப் பிடிக்கும். ராத்திரி முழுக்க முழிச்சிருந்து பார்த்திருக்கேன். அவ்வளவு நேர்த்தி.

ஆனா விவசாயியா கணக்குப் போட்டுப் பார்த்தா வயித்தைக் கலக்குது. நம்ம டெல்டா தட்டையான பூமி. ரயில் கரை பல இடத்துல தரையிலேருந்து ஆறடிதான் உயரம். சுரங்கப்பாதைக்கு உள்பக்க உயரம் பன்னிரண்டு அடின்னு வெச்சுக்குங்க. மேல்தளக் கனம், அதுக்கு மேல மண்ணு, ஜல்லி எல்லாம் சேர்த்து ஒரு மூணு அடி. மொத்தம் பதினஞ்சு அடி. கரை ஆறடிதான் இருக்கு. மீதி ஒன்பது அடிக்கு எங்க போறது? தரைக்குக் கீழே தோண்டணும். ஐப்பசி, கார்த்திகையில எங்க வயல்ல ஒரு முழம் தோண்டினாலே தண்ணி ஊறும். அங்க ஒன்பது அடி தோண்டி ரோடு போட்டா அது ரோடா, கிணறா?

வெளியே வடிய விட வாய்க்கால் இருக்கேன்னு கேப்பீங்க. அந்த மாசத்துல வாய்க்காலே நிரம்பி வழியும். வடிகால் தண்ணி மட்டம் சுரங்கப்பாதைத் தரையை விட ஆள் உயரத்துக்கு மேல நிக்கும். மேட்டுலேருந்து பள்ளத்துக்குத்தான் தண்ணி ஓடும், பள்ளத்துலேருந்து மேட்டுக்கு ஓடாது. இதுக்கு இன்ஜினியரிங் படிக்க வேண்டாம், ஒரு மடை திறந்தவனுக்குத் தெரியும். அதனால மோட்டார் வெச்சுத்தான் இறைக்கணும். மோட்டார் யார் வெக்கிறது, கரண்டு பில் யார் கட்டுறது, ராத்திரி மழையில யார் வந்து ஸ்விட்ச் போடுறது? பெட்டி ஒருத்தர் பொறுப்பு, ரோடு இன்னொருத்தர் பொறுப்பு, தண்ணி மட்டும் நம்ம பொறுப்பு. எங்க பக்கத்துல ஒரு சுரங்கப்பாதையில மழைக்காலத்துல வயசுப் பசங்க நீச்சல் பழகுறாங்க. எந்த லைன், எந்த ஊர்னு நான் சொல்லல. சொன்னா ஒரு ஊர்ச் சண்டையா போயிடும். டெல்டாவுல இருக்கிறவங்க அவங்கவங்க ஊரை நினைச்சுக்கலாம்.

தண்ணி ஒரு பக்கம். உயரம் இன்னொரு பக்கம்.

சேத்துல இறங்கி அறுக்கிற செயின் மெஷினைத் தார் ரோட்டுல ஓட்ட முடியாது. லாரியில ஏத்தித்தான் ஊர் ஊராக் கொண்டு வருவாங்க. லாரி மேல மெஷின் நின்னா, தரையிலேருந்து மெஷின் உச்சி வரைக்கும் பதினாலு அடி வருது. டேப் வெச்சு நானே அளந்தேன். சுரங்கப்பாதை வாசல்ல ஒரு இரும்புச் சட்டம் குறுக்கே நிக்கும், அதைத் தாண்டி உயரமா எதுவும் போகக் கூடாதுன்னு. அதுலயே மாட்டிக்கும். வைக்கோல் லாரியும் அதே கதைதான். அப்ப என்ன பண்றாங்க? ஒன்பது கிலோமீட்டர் சுத்திக்கிட்டு வர்றாங்க. இல்லன்னா மெஷினை இந்தப் பக்கம் இறக்கி, அது சுரங்கப்பாதைக்குள்ள ஊர்ந்து போய், அந்தப் பக்கம் லாரியில ஏறுது. செயின் பட்டு ரோடு பேந்து போகுது. மெஷினுக்கு மணிக்கு ரெண்டாயிரத்துக்கு மேல வாடகை. மழை மேகம் மேற்கால கட்டி நிக்கும்போது, மெஷின் வரப் பிந்துற ஒவ்வொரு மணி நேரமும் சாஞ்ச கதிர் முளைக்கிற மணி நேரம். இது ஏக்கருக்கு எத்தனை மூட்டை நஷ்டம்னு எந்தக் கணக்குலயும் வராது.

இங்கதான் என் பொம்மை வண்டிகளைப் பத்திச் சொல்லணும்.

சின்னப் பிள்ளையில நுங்கு வண்டி உருட்டினோம். தீப்பெட்டிகளைக் கோத்து கூட்ஸ் வண்டி செஞ்சோம். அந்தப் பழக்கம் என்னை விடல. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கல்யாண முருங்கைக் கட்டையை இழைச்சு மாதிரி வண்டி செய்வேன். மீட்டர் கேஜ்ல ஓடின ஒய்பி நீராவி இன்ஜின் ஒண்ணு, ஒய்டிஎம்-4 டீசல் இன்ஜின் ஒண்ணு, டிராக்டர், டிரெய்லர் எல்லாம் இருக்கு. அளவு எல்லாத்துக்கும் ஒண்ணுதான்: அடிக்கு அரை அங்குலம். அஞ்சரை அடி அகலப்பாதை இந்த அளவுல ரெண்டே முக்கால் அங்குலம் வரும். எல்லாம் ஒரே அளவுல இருந்தாத்தான் ஒண்ணுக்கொண்ணு பொருந்தும். இல்லன்னா அது வெறும் பொம்மை.

பக்கத்து ஊருக்கு ஒரு சுரங்கப்பாதை வரப்போகுதுன்னு பேச்சு அடிபட்டப்ப, அதே அளவுல பிளைவுட்ல ஒரு பெட்டி செஞ்சேன். பன்னிரண்டு அடி உயரம், மாதிரியில ஆறு அங்குலம். லாரி மேல அறுப்பு மெஷின் செஞ்சு நிறுத்தினேன். பதினாலு அடி, மாதிரியில ஏழு அங்குலம். டீக்கடை பெஞ்சுல வெச்சு, தள்ளிப் பாருங்கன்னு சொன்னேன். ஒரு அங்குலம் இடிச்சு நின்னுச்சு. வரைபடத்தைப் பார்த்துத் தலையாட்டிட்டுப் போன பெரியவர் ஒருத்தர், “என்னப்பா இது, நம்ம மெஷின் போகாதா?”ன்னு அன்னிக்குத்தான் கேட்டார். அளக்க வந்த ஒரு இளம் இன்ஜினியர்கிட்டயும் காட்டினேன். நல்ல பையன். ரெண்டு தடவை தள்ளிப் பார்த்துட்டு, “ஐயா, இதை நீங்க முன்னாடியே காட்டியிருக்கலாமே”ன்னார். “தம்பி, முன்னாடி எங்களை யார் கேட்டா?”ன்னேன். அவர் சிரிச்சுட்டு, போன்ல படம் எடுத்துக்கிட்டுப் போனார். முடிவு இன்னும் வரல.

அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். அவர் கையில இருக்கிற கணக்கு அப்படி. எந்த கேட்டுக்கு என்ன பாலம்னு முடிவு பண்ண ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. ஒரு நாளைக்கு எத்தனை ரயில் போகுது, எத்தனை வண்டி தாண்டுதுன்னு எண்ணி ரெண்டையும் பெருக்குவாங்க. அந்தப் பெருக்கல் ஒரு லட்சத்தைத் தொட்டாத்தான் மேம்பாலத்தைப் பத்திப் பேசவே முடியும். நகரத்து கேட்டுக்கு இது சரியான கணக்கு. சென்னையில எந்த மாசம் எண்ணினாலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

கிராமத்துக்கு அப்படி இல்ல. வைகாசியில ஒரு வாரம் உக்காந்து எண்ணினா என்ன வரும்? பத்து மோட்டார் சைக்கிள், ரெண்டு டிராக்டர், பால்காரர். அதே கேட்டுல தை மாசம் எண்ணிப் பாருங்க. அறுப்பு மெஷின், நெல்லு ஏத்தின டிரெய்லர், வைக்கோல் லாரி, யாவாரிங்க டிப்பர்னு வரிசை நிக்கும். வருஷத்துல இருபது, முப்பது நாள்தான் அந்தக் கூட்டம். ஆனா அந்த முப்பது நாள்லதான் மீதி நாளுக்கான சோறு இருக்கு. பாம்பன்ல எப்பவோ வர்ற கப்பலுக்காக ஒரு தூக்குப் பாலமே வெச்சாங்கன்னு மேலே சொன்னேனே, அதுக்குத்தான் சொன்னேன். அறுப்பு மெஷின்தான் எங்க கப்பல். அதுவும் தினம் வராது. ஆனா வர்ற அன்னிக்கு வழி இருக்கணும்.

எல்லா ஊருக்கும் மேம்பாலம் கட்டச் சொன்னா காசுக்கு எங்க போறதுன்னு என் தம்பி முறைக்காரர் ஒருத்தர் கேக்கிறார். நியாயமான கேள்வி. நான் மேம்பாலம் கேக்கல. நாலே நாலு விஷயம் கேக்கிறேன்.

ஒண்ணு, அளக்கிறதுக்கு வர்றவங்க அந்த ஊர்லயே உயரமான வண்டி எதுன்னு கேட்டு, அதை நிறுத்தி டேப் வெச்சு அளக்கணும். வண்டிகளை எண்ணுறதா இருந்தா அறுப்பு மாசத்துலயும் ஒரு வாரம் எண்ணணும்.

ரெண்டு, பெட்டி இறக்குறதுக்கு முன்னாடி மழைக்காலத்து வடிகால் மட்டத்தைப் பார்க்கணும். ஊர்ல நீர் பாய்ச்சுற ஆளைக் கேட்டா கம்பத்துல கோடு போட்டே காட்டுவார். சுரங்கப்பாதைத் தரை அந்த மட்டத்துக்குக் கீழே போனா, தண்ணி சேர ஒரு தொட்டியும் தானா ஓடுற மோட்டாரும் பெட்டியோட சேர்ந்தே வரணும். இறங்குற ரோட்டுக்கு மேல கூரை போட்டா பாதி மழை உள்ளே வராது. அந்த மோட்டாருக்கு யார் பொறுப்புன்னு திறப்பு விழாவுக்கு முன்னாடியே எழுதி வெக்கணும். பில் கட்ட ஆள் இல்லாத மோட்டார் காயலான் கடைக்குத்தான் போகும்.

மூணு, தண்ணியும் வத்தாது, உயரமும் வராதுங்கிற இடத்துல கேட்டையே வெச்சுக்குங்க. ஆள் போட்டு, கேட்டு மூடினாத்தான் சிக்னல் விழும்ங்கிற மாதிரி பூட்டை இணைச்சுட்டா, மனுஷன் அசந்தாலும் ரயில் வராது. அந்தத் தொழில்நுட்பம் நாட்டுல பல கேட்டுல ஏற்கெனவே இருக்கு. கேட்டை எடுத்தோம்னு கணக்குக் காட்டுறதுக்காகக் கிணறு வெட்ட வேண்டாம்.

நாலு, வரைபடத்தோட ஒரு மாதிரியும் செஞ்சு ஊர்ல வையுங்க. பெரிய செலவு இல்ல. நாலு பிளைவுட், கொஞ்சம் பெவிகால், ரெண்டு நாள் வேலை. வரைபடம் படிச்சவனுக்குப் புரியும். மாதிரி எல்லாருக்கும் புரியும். கிழவி கூட மாட்டைத் தள்ளிப் பார்த்து, “இது சறுக்கும், இங்க சரிவு அதிகம்”னு சொல்லிடும். கட்டின அப்புறம் கான்கிரீட்டை இடிக்கிறதை விட, கட்டுறதுக்கு முன்னாடி பிளைவுட்டை வெட்டுறது சுலபம்.

ரயில்மேல ஆசை வெச்சவங்களுக்கும் ஒரு வார்த்தை. நம்மள்ல பல பேரு இன்ஜின் நம்பர் எழுதி வெக்கிறோம், பாலத்துக்குப் பாலம் போய் படம் எடுக்கிறோம். நல்ல பழக்கம்தான், நானும் செய்றேன். அடுத்த தடவை பாலத்தைப் படம் எடுக்கும்போது கேமராவை ஒரு தடவை கீழேயும் திருப்புங்க. தண்ணி எங்கேயிருந்து வருது, எங்க போகுது, மதகு அடைச்சிருக்கா, ஆடு மாடு எப்படித் தாண்டுதுன்னு பாருங்க. புதரும் குப்பையும் அடைச்ச ஒரு மதகைப் படம் எடுத்து உரியவங்களுக்கு அனுப்பினா, அது நூறு இன்ஜின் படத்தை விட உபயோகம். மருதையாத்துல 1956ல தண்ணி சொன்னதை நாம மழைக்கு முன்னாடியே கேட்டுக்கலாம்.

விவசாயிகளுக்கும் ஒண்ணு சொல்லிடுறேன். நாம டீக்கடையில திட்டுறதோட நிறுத்திக்கிறோம். திட்டினதுக்குப் பதிவு கிடையாது. மார்ச் 22ஆம் தேதி தண்ணீர் தினத்துக்குக் கிராம சபை கூடும். சுரங்கப்பாதை வரப்போற ஊர்க்காரங்க, தண்ணி தேங்குற ஊர்க்காரங்க எல்லாரும் அன்னிக்குப் போங்க. கையில ஒரு டேப்பை எடுத்துக்கிட்டுப் போங்க. வண்டி உயரம் இத்தனை அடி, பாதை உயரம் இத்தனை அடி, தேங்குற தண்ணி இத்தனை அடின்னு மூணு எண்ணைத் தீர்மானத்துல ஏத்தச் சொல்லுங்க. ‘மிகவும் சிரமப்படுகிறோம்’னு எழுதுற மனுவுக்குக் குப்பைத் தொட்டிதான். எண்ணு இருந்தா பதில் சொல்லியே ஆகணும்.

மாதிரி செய்ய ஆசைப்படுற ஊர்க்காரங்க யாராவது இருந்தா எழுதுங்க. அடிக்கு அரை அங்குலக் கணக்குல லாரியும் மெஷினும் என்கிட்ட தயாரா இருக்கு, இரவல் தர்றேன். உளுந்து பிடுங்குற வரைக்கும் எனக்கு நேரம் உண்டு.